அடுப்பு எங்கே மூட்டுவது? – வாசகர் கேள்வி பதில்

சிறுமலை அடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் ஒவ்வொரு மே மாதமும் நாங்கள் நடத்தும் பத்து நாள் தங்கல் முகாமைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். நாற்பது பேர் வீட்டையும் வேலையையும் விட்டு வந்து, சேர்ந்து சமைத்து, சேர்ந்து படித்து, ஊர் வாய்க்காலைத் தூர்வாரிக் கொடுத்துவிட்டுக் கலையும் முகாம் அது. கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டு 22 ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தவள் நான். அந்தப் பழக்கம்தான் ஓய்வுக்குப் பிறகும் என்னைத் தோப்புக்கு இழுத்துப் போகிறது. கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். சில கடிதங்களுக்கு இங்கே பதில்.

நானும் ஐந்து நண்பர்களும் இந்தக் கோடையில் எண்பது பேருக்குப் பத்து நாள் முகாம் நடத்தப்போகிறோம். காலை ஐந்து மணி முதல் இரவு பத்து வரை நிகழ்ச்சி நிரல் தயார். பதினான்கு பேச்சாளர்கள் வர ஒப்புக்கொண்டுவிட்டார்கள். சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் பேசிவிட்டோம். இன்னும் என்ன விட்டுப்போயிருக்கிறது, அம்மா?
– பள்ளி ஆசிரியர், உடுமலைப்பேட்டை

தம்பி, உங்கள் ஆர்வத்தைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் செய்வதற்கு நீங்கள் ஒன்றையுமே மிச்சம் வைக்கவில்லை. எண்பது பேரும் பத்து நாள் உட்கார்ந்து கேட்பார்கள், பந்தியில் சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் மூன்று ஆண்டுகள் சமையல்காரர் வைத்தே முகாம் நடத்தினோம். நான்காம் நாள் வந்தால் பிள்ளைகள் பஸ் நேரம் விசாரிக்கத் தொடங்குவார்கள். நான்காவது ஆண்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் இரவு சமையல்காரருக்கு ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தது. அழுதுகொண்டே கிளம்பிப் போனார். மறுநாள் காலை ஐம்பது பேருக்கு ஆகாரம் வேண்டும். இரவெல்லாம் தூறல். விறகு நனைந்து கிடந்தது.

நாலரை மணிக்கு நான் எழுந்து போனபோது அடுப்படியில் ஏற்கெனவே நான்கு பேர் இருந்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றியும் தீ பிடிக்கவில்லை, புகை மட்டும் கண்ணைக் கரித்தது. ஒரு மாணவி பேசாமல் எழுந்து பக்கத்துத் தோப்புக்குப் போய், மரத்திலேயே ஒட்டியிருந்த பன்னாடையை உரித்து ஒரு கை நிறையக் கொண்டு வந்தாள். உள்பக்கம் காய்ந்திருந்தது. அதை அடியில் திணித்து, மேலே சிராயை அடுக்கி ஊதினாள். பற்றிக்கொண்டது. பிறகு ரவை. எவ்வளவு தண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை. வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், வீட்டில் அடுப்படி வாசலைத் தாண்டியே அறியாதவன், தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். "ஒன்றுக்கு இரண்டரையாம்." உப்புமா கட்டி தட்டித்தான் போயிற்று. ஒருவர்கூட மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் அந்தப் பாட்டியே ஒரு சொளகு முருங்கைக்கீரையோடு வந்துவிட்டார். அந்த முகாமில் யாரும் பஸ் நேரம் கேட்கவில்லை.

அன்று எனக்கு விளங்கியதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். "இன்று நான் எழுந்திருக்காவிட்டால் இங்கே ஒரு வேலை நின்றுபோகும்" என்று ஒவ்வொருவருக்கும் தோன்ற வேண்டும். அன்றாட வாழ்க்கையில் பலருக்கும் கிடைக்காதது அந்த நினைப்புதான். அது கிடைத்தால் தரையில் பாய் விரித்துப் படுப்பதோ, கொசுக்கடியோ, வாளித் தண்ணீர்க் குளியலோ பெரிதாகத் தெரியாது. ஆகவே இடம் பார்க்கப் போகும்போது கூட்டம் எங்கே போடுவது என்று தேடாதீர்கள். அடுப்பு எங்கே மூட்டுவது, அதைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து காய் நறுக்க நிழல் உண்டா, தண்ணீர் எத்தனை அடி தூரம் என்று பாருங்கள். கூட்டம் எந்த மரத்தடியிலும் நடக்கும்.

சமையல் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அவர் கற்றுக்கொடுக்க வேண்டும், சமைத்துப் போடக்கூடாது. பதினான்கு பேச்சாளர்களில் ஐந்து பேர் போதும். அந்த ஐந்து பேரும் வந்து பேசிவிட்டுக் காரில் திரும்பிவிடாமல் இரண்டு இரவாவது தங்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போது அவர்கள் சொல்வதுதான் பிள்ளைகள் மனத்தில் நிற்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி வரை நிரலில் ஒன்றும் எழுதாதீர்கள். எங்கள் முகாமில் நடந்த நல்ல காரியங்களில் பாதி அந்த வெற்று நேரத்தில் முளைத்தவை.

எண்பது பேர் என்பதுதான் எனக்கு நெருடுகிறது. நாற்பதுக்கு மேல் போனால் பத்து நாளில் எல்லார் பெயரும் எல்லாருக்கும் தெரியாது. குறைக்க முடியாதென்றால் பத்துப் பத்துப் பேராக எட்டு வீடுகளாகப் பிரியுங்கள். மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்கு ஆண்டுதோறும் பக்திக் கவிஞர் ஞானேசுவரரின் பல்லக்கோடு மூன்று வாரம் போல நடந்து போகிறார்கள் அல்லவா? கூட்டம் லட்சக்கணக்கில். ஆனால் யாத்திரிகர் யாரும் அந்த லட்சத்தில் கரைந்துபோவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு திண்டியைச் சேர்ந்தவர். திண்டி என்பது சேர்ந்து பாடி, சேர்ந்து உண்டு நடக்கும் குழு. அதற்கென்று வரிசை எண் உண்டு, சமையல் உண்டு. தன் திண்டி எங்கே நடக்கிறது என்று கேட்டால் கிராமத்துக் கிழவிகூடச் சொல்வார். பெருங்கூட்டத்தைத் தாங்குவது அந்தச் சிறு குழுதான்.

இன்னொன்று, நுழைவாசல். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். மாலை கழுத்தில் ஏறிய நாளிலிருந்து அவர் "சாமி". அதிகாரியும் சாமி, அவருக்குக் கார் ஓட்டுகிறவரும் சாமி. உடை மாறுகிறது, படுக்கை மாறுகிறது, கூப்பிடும் பெயர் மாறுகிறது. 41 நாள் விரதத்தின் பாதி வலிமை அந்த முதல் நாள் மாற்றத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. மூன்றாம் நாள் இரவு வரை யாரும் தன் படிப்பையோ வேலையையோ சொல்லக்கூடாது, பெயரும் ஊரும் மட்டும்தான் என்று வைத்திருக்கிறோம். பேராசிரியர் என்று தெரியாமல் ஒரு மாணவன் அவரிடம் வெங்காயம் நறுக்கும் முறையைத் திருத்திக் காட்டுவான். அந்த உறவு பிறகு கலைவதே இல்லை.

மூன்றாம் நாள் எல்லாரும் சோர்ந்துபோவார்கள். உடம்பு வலிக்கும், வீட்டு ஞாபகம் வரும், அற்பக் காரணத்துக்குச் சண்டை மூளும். அன்று கூட்டம் வைக்காதீர்கள். கிணற்றிலோ ஓடையிலோ குளிக்க விட்டு, இரவு பாயசம் போடுங்கள். பந்தல்காரரைக் கூப்பிடும் முன் தென்னை ஏறுகிறவரைக் கூப்பிட்டுக் காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள். தோப்பில் படுக்கிறவர்கள் தலைக்கு மேல் பார்க்க வேண்டும்.

செல்பேசியை முகாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடலாமா? எங்களுக்குள் இதில் ஒத்த கருத்து வரவில்லை.
– மென்பொருள் ஊழியர், சென்னை

வாங்கி வைக்கலாம். அதற்கு முன் செல்பேசி செய்கிற வேலைகளுக்கு வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும். இதைச் செய்யாமல் வாங்கியதால் ஓர் ஆண்டு நாங்கள் திண்டாடினோம். மணி தெரியவில்லை, விடியலில் எழுப்ப ஆளில்லை, இருட்டில் கழிப்பறைக்குப் போக வெளிச்சமில்லை. இரண்டாம் நாளே ஆளுக்கொரு காரணம் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள்மீது குற்றமில்லை.

இப்போது அடுப்படியில் பெரிய சுவர்க் கடிகாரம் மாட்டுகிறோம். பள்ளிக்கூடத்தில் தொங்குமே, அந்தத் தண்டவாளத் துண்டு ஒன்றைப் புளியமரக் கிளையில் கட்டியிருக்கிறோம். விடியற்காலை அதை அடிக்கும் உரிமைக்கு இளையவர்களிடையே போட்டியே நடக்கிறது. ஆளுக்கொரு டார்ச். ஒரு பொது எண்ணை எல்லார் வீட்டுக்கும் முன்பே கொடுத்துவிடுகிறோம், அந்தச் செல்பேசி எப்போதும் ஒருவர் கையில் இருக்கும். மாலை ஆறு முதல் ஏழு வரை பெட்டி திறந்திருக்கும். வேண்டியவர் வீட்டுக்குப் பேசலாம். வீட்டில் நோயாளி இருந்தால் செல்பேசி அவரிடமே இருக்கட்டும்.

நீங்கள் எழுதுவதெல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது. மாமியாருக்கு வேளைக்கு மருந்து கொடுக்க வேண்டும், மகன் நான்காம் வகுப்பு. என்னைப் போன்றவள் பத்து நாள் எப்படி வர முடியும்? முகாம் என்பது மாணவர்களுக்கும் ஆண்களுக்கும்தானா?
– குடும்பத் தலைவி, கரூர்

சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் முகாமில் பல ஆண்டுகள் திருமணமான பெண் ஒருவர்கூட இல்லை. "வருகிறவர்கள் வரட்டும்" என்று இருந்துவிட்டோம். எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வது போதாது, யாரால் கிளம்ப முடியவில்லையோ அவர் வீட்டு வாசலுக்கு நாம் போக வேண்டும் என்று தாமதமாகத்தான் உணர்ந்தேன். அன்றாட வாழ்க்கையிலிருந்து பத்து நாள் விலகுவது யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களால்தான் அசைய முடிவதில்லை.

சில மாற்றங்கள் செய்தோம். ஒன்று, குழந்தைகளை அழைத்து வரலாம். அவர்களைப் பார்த்துக்கொள்வது ஒரு குழுவின் முறைவேலை, தாயின் தனிப் பொறுப்பு அன்று. இரண்டு, பத்து நாள் முடியாதவர்கள் ஐந்து நாள் வரலாம். ஆனால் முதல் ஐந்து நாளோ கடைசி ஐந்து நாளோ ஒரேயடியாக இருக்க வேண்டும், இடையிடையே போய் வரக்கூடாது. மூன்று, நாங்களே இரண்டிரண்டு பேராக வீட்டுக்குப் போய்க் கணவரோடும் மாமியாரோடும் உட்கார்ந்து பேசுகிறோம். யார் சமைப்பது, மருந்து எத்தனை மணிக்கு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்கும் வேலை இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடமே கொடுத்துவிடுகிறோம். ஒரு வீட்டில் மாமியார், "அவளை மட்டும் கூப்பிடுகிறீர்களே, நான் வரக்கூடாதா?" என்று கேட்டார். எழுபது வயதுக்காரர். வந்தார். தோப்பில் முளைத்துக் கிடந்த ஒவ்வொரு கீரைக்கும் பெயர் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நான்காவதாக ஒரு விதி. இதை நான் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தமாட்டேன். வீட்டில் அன்றாடம் சமைக்கும் பெண்களுக்கு முதல் மூன்று நாள் சமையல் குழுவில் இடம் கிடையாது. அடுப்படிப் பக்கம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். சென்ற ஆண்டு இரண்டாம் நாள் காலை, கல்லிலிருந்து எடுத்த தோசையை ஒரு மாணவன் நேராக ஒரு பெண்மணியின் தட்டில் போட்டான். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். தோசை ஓரம் மொறுமொறுவென்று இருந்தது, ஆவி பறந்தது. "உட்கார்ந்த இடத்தில் சூட்டோடு தின்று பதினாறு வருஷம் ஆகிறது" என்றார். பிறகு இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வாருங்கள். ஆசிரியர் குழு வழியாக முகவரி அனுப்பினால் ஏப்ரலில் உங்கள் வீட்டுக்கு நானே வருகிறேன்.

இப்படிச் சேர்ந்து வாழ்ந்ததற்குத் தமிழர் வரலாற்றில் எடுத்துக்காட்டு உண்டா?
– முதுகலை மாணவர், திருநெல்வேலி

நான் எப்போதும் திரும்பிப் போய்ப் பார்ப்பது தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையை. 1910இல் தொடங்கியது. அங்கே டிரான்ஸ்வால் பகுதியில், இந்தியர்களுக்கு எதிரான சட்டத்தை எதிர்த்துக் காந்தி தலைமையில் சத்தியாகிரகம் செய்து சிறை சென்றவர்களின் குடும்பங்களைப் பராமரிக்க இடம் வேண்டியிருந்தது. காந்தியின் நண்பரான கட்டடக் கலைஞர் எர்மன் காலன்பாக், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தள்ளி, லாலி ரயில் நிலையம் பக்கத்தில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையில்லாமல் கொடுத்தார். குஜராத்திகள், தெலுங்கர், வட இந்தியர் எல்லாரும் இருந்தார்கள், தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவர் என்று எல்லாரும். காந்தி தரும் கணக்குப்படி இளைஞர் நாற்பது பேர், வயதானவர்கள் இரண்டு மூன்று பேர், பெண்கள் ஐவர், குழந்தைகள் இருபது முப்பது. கூட்டினால் எழுபது பேருக்கு அருகே வரும், எங்கள் தோப்பு முகாமைவிடப் பெரிது!

இத்தனை மதம், இத்தனை மொழி, ஆனால் சமையலறை ஒன்றே ஒன்று. வேலைக்காரர் கிடையாது. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாம் அவர்களே. காலை ஆறு மணிக்கு ரொட்டியும் வறுத்த கோதுமையில் போட்ட காப்பியும், பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய், மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மறுபடி ரொட்டியும் காப்பியும். பிரார்த்தனை முடிந்து ஒன்பது மணிக்குள் எல்லாரும் படுக்கையில். பண்ணை வேலையாக நகரத்துக்குப் போனால் ரயிலில் போகலாம், சொந்த வேலை என்றால் நடந்துதான். இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி 21 மைலையும் நடந்து முடிப்பார்கள். காலன்பாக் மேரியன்ஹில் துறவியர் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் மற்றவர்கள் கற்றார்கள்.

தமிழாசிரியையான என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் காந்தி. அவருக்குத் தெரிந்த தமிழ் கப்பல் பயணத்திலும் சிறையிலும் கற்றது. ஜி.யு. போப் எழுதிய பாடநூலைத் தாண்டி அவர் போகவில்லை. தன் அறியாமையைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் இல்லை. ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால் அந்த மாணவர்களே மொழிபெயர்த்துச் சொன்னார்கள். ஆசிரியர் மாணவருக்குத் தேவைப்பட்டார், மாணவர்கள் ஆசிரியருக்குத் தேவைப்பட்டார்கள். உடுமலைத் தம்பிக்கு உப்புமாவை வைத்து நான் சொன்னதும் இதைத்தான்.

பண்ணை 1913இல் கலைந்தது. அது தனக்காக இருந்த இடம் அன்று. வெளியே ஒரு போராட்டம் நடந்தது, அதற்காக இது இருந்தது. எங்கள் முகாமில் வாய்க்கால் தூர்வாருவதை வைத்திருப்பதும் அதனால்தான். நாற்பது பேர் தங்களுக்குள்ளேயே பத்து நாள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் ஆறாம் நாள் சலித்துவிடும். ஊருக்கு ஒரு வேலை பாக்கி இருந்தால் சலிக்காது.

கட்டணம் வாங்குவது சரியா?
– வங்கி ஊழியர், விருதுநகர்

எஸ்.என். கோயங்கா கற்பித்த மரபில், விபாசனா என்னும் மௌனத் தியானப் பயிற்சி நடத்தும் மையங்களில் பத்து நாள் உணவுக்கும் தங்குவதற்கும் பணம் வாங்குவதில்லை. ஒரு முறையாவது பயிற்சியை முடித்தவரிடம்தான் நன்கொடையே பெறுவார்கள். முன்னால் வந்துபோனவர் யாரோ உங்களுக்குச் சோறு போட்டிருக்கிறார் என்பது அதன் பொருள். பணம் கொடுத்தவருக்கு வரும் "நான் கொடுத்த காசுக்கு" என்ற பேச்சு அங்கே எழ வழியில்லை. எங்களுக்கு அந்த அளவு பின்பலம் இல்லை. ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி கொண்டு வரச் சொல்கிறோம். வந்த அன்று இரவு எல்லாரும் ஒரே பீப்பாயில் கொட்டிவிட வேண்டும், யார் எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. புழுங்கலரிசி மட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பச்சரிசி கலந்தால் ஒன்று குழைந்து ஒன்று வேகாமல் நிற்கும்.

கழிப்பறை எத்தனை வேண்டும்?
– ஊராட்சி உறுப்பினர், மணப்பாறை

பத்துப் பேருக்கு ஒன்றுக்குக் குறையக்கூடாது. பெண்களுக்குத் தனியாக, போகும் வழியெல்லாம் விளக்கு, உள்ளே மூடியுள்ள குப்பைக்கூடை, தட்டில் நாப்கின். முதல் நாள் கழுவுகிறவர் முகாமை நடத்துகிறவராக இருக்க வேண்டும்.

ஒரு பத்து நாள் முகாமுக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. போகாமலேயே இருந்திருக்கலாமோ?
– செவிலியர், தஞ்சாவூர்

இல்லை அம்மா, போனது நல்லதுதான். உங்களைத் திருப்பி அனுப்பிய விதத்தில் குறை இருந்திருக்க வேண்டும். கடைசி நாள் பாட்டு, பாராட்டு, சான்றிதழ், கட்டிப்பிடித்து அழுகை, உடனே பஸ். பெரும்பாலும் இப்படித்தான் முடிக்கிறார்கள். உச்சியில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிடுவது போல இருக்கிறது அது. விபாசனாவில் பத்தாம் நாள் காலையில் மௌனத்தைக் கலைத்துவிடுவார்கள். ஒன்பது நாள் பேசாதிருந்தவர்கள் அன்று முழுவதும் பேசுவார்கள், பதினோராம் நாள் காலையில்தான் வீட்டுக்குப் புறப்படுவார்கள். வெளியுலகத்துக்குள் கால் வைக்க அந்த ஒரு நாள் வேண்டியிருக்கிறது.

அதைப் பார்த்து நாங்களும் கற்றுக்கொண்டோம். ஒன்பதாம் நாள் மதியமே செல்பேசிப் பெட்டியைத் திறந்துவிடுகிறோம். வீட்டோடு பேசட்டும், மளிகைக் கணக்குக் கேட்கட்டும், அலுவலகக் கவலை வரட்டும். கவலை வரும்போது பக்கத்தில் நண்பர்கள் இருப்பார்கள். அன்று இரவு ஒரே ஊர்ப் பக்கத்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, அடுத்த மாதம் எந்த ஞாயிறு, யார் வீட்டில் சாப்பாடு என்று முடிவு செய்கிறார்கள். உங்கள் முகாமுக்குத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த யாராவது இருப்பார்கள். இந்த வாரமே அவரைக் கூப்பிட்டு வீட்டில் ஒரு வேளை சேர்ந்து சமையுங்கள். அழுகை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் கெட்டால், உங்கள் மருத்துவமனையிலேயே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நோயாளிகளுக்கு நீங்கள் சொல்வதை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் எங்களுக்கு மேடை கிடையாது. பிரிக்கும் வேலை மட்டும். கயிற்றை அவிழ்க்கிறோம், கழிவுக் குழியை மூடுகிறோம், பாயைத் தட்டிச் சுருட்டுகிறோம். கடைசியாக ஒரு அண்டா தேநீர் போட்டுக் குடித்துவிட்டுக் கங்கில் தண்ணீர் தெளிப்போம். அடுப்புக் கல் ஆறியதும் எடுத்த இடத்திலேயே ஓடையில் கொண்டு போய் வைப்போம். சாம்பலைக் கூடையில் அள்ளி, நிழல் கொடுத்த மரங்களின் தூரில் ஆளுக்கொரு கை போடுவோம். தென்னைக்குச் சாம்பல் நல்ல உரம். நத்தம் பஸ் மூன்றேகாலுக்கு.